ப்ரீகம்பைல் செய்த ஜேஎஸ்பியில் பிழை எந்த வரியில்? டெம்ப்ளேட் வரியையும் ஜாவா வரியையும் இணைக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சம்பளப் பட்டியல் பக்கம் ஒன்று உடைந்தது. லாக்கில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். பிழை எந்தெந்த அழைப்புகள் வழியாக வந்தது என்று பட்டியலிடும் ஸ்டாக் ட்ரேஸின் முதல் வரி, பக்கத்திலிருந்து உருவாக்கப்பட்ட ஜாவா நிரலான சர்வ்லெட்டின் 612ஆம் வரியைக் காட்டியது. எச்டிஎம்எல்லும் ஜாவாவும் கலந்த பக்க டெம்ப்ளேட்டான எங்கள் ஜேஎஸ்பி கோப்பில் இருந்ததோ 143 வரிகள்தான். பில்டிலேயே முன்கூட்டிக் கம்பைல் செய்து, அதாவது ப்ரீகம்பைல் செய்து, அனுப்பியதால் சர்வரில் கிளாஸ் கோப்புகள் மட்டும் இருந்தன, ஜாவா கோப்பு ஒன்றுகூட இல்லை. சரி என்று அதே ஜேஎஸ்பியை என் கணினியில் மறுபடி கம்பைல் செய்து 612ஆம் வரியைத் திறந்தேன். அங்கே ஒரு மூடும் அடைப்புக்குறி தனியாக நின்றது. ஜேஎஸ்பிகளை ஓட்டும் சர்வரான டோம்கேட்டில் என்னிடம் இருந்த பதிப்பு வேறு, பில்ட் செய்த கணினியில் இருந்தது வேறு. இரண்டும் ஒரே பக்கத்துக்கு எழுதித் தந்த ஜாவா கோப்புகளில் வரி எண்கள் ஒத்துப்போகவில்லை.

இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது, பிழை அந்த ஜேஎஸ்பியிலேயே இல்லை. அது உள்ளே சேர்த்துக்கொண்ட தலைப்புக் கோப்பின் 9ஆம் வரியில் இருந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன அட்டவணை: சர்வ்லெட்டின் இந்த வரி, எந்த டெம்ப்ளேட்டின் எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் அட்டவணை. கேட்டிருந்தால் கம்பைலரே அதை எழுதிக் கொடுத்திருக்கும். எங்கள் பில்டில் நாங்கள் கேட்கவே இல்லை.

அதை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிப் படிப்பது, லாக்கில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை டோம்கேட்டையும் அதன் ஜேஎஸ்பி எஞ்சினான ஜாஸ்பரையும் வைத்து முழுதாக எழுதுகிறேன். கட்டளைகளையும் பெயர்களையும் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

எண்கள் பிரியும் இடம்

ஒரு ஜேஎஸ்பி பக்கம் ஓடுவதற்கு முன் இரண்டு முறை உருமாறுகிறது. முதலில் ஜாஸ்பர் அதைப் படித்து ஒரு ஜாவா சர்வ்லெட்டாக எழுதுகிறது. பிறகு ஜாவா கம்பைலர் அந்த சர்வ்லெட்டைக் கிளாஸ் கோப்பாக மாற்றுகிறது. ஆகவே ஒரே விஷயத்துக்கு மூன்று முகவரிகள்: டெம்ப்ளேட் வரி, ஜாவா வரி, கிளாஸ் கோப்பில் உள்ள பைட்கோடில் அது நிற்கும் இடம்.

பைட்கோடையும் ஜாவா வரியையும் இணைப்பது, கிளாஸ் கோப்பில் ஒவ்வொரு மெத்தடுக்குள்ளும் இருக்கும் லைன்நம்பர்டேபிள் என்ற அட்டவணை. எக்ஸெப்ஷன் வரும்போது, கிளாஸ் கோப்புகளை ஓட்டும் ஜேவிஎம் அதைப் பார்த்துத்தான் வரி எண்ணை அச்சிடுகிறது. டெம்ப்ளேட் வரியையும் ஜாவா வரியையும் இணைப்பது வேறோர் அட்டவணை. அதன் பெயர் எஸ்மேப். மற்ற மொழிகளுக்கு டீபக் வசதி தருவதற்கென்றே எழுதப்பட்ட ஜேஎஸ்ஆர் 45 என்ற வரையறையிலிருந்து வந்தது அது. கிளாஸ் கோப்பில் சோர்ஸ்டீபக்எக்ஸ்டென்ஷன் என்ற பண்புக்குள் வெறும் எழுத்துச் சரமாக உட்கார்ந்திருக்கும். கோட்லின் மொழியின் கம்பைலரும் இன்லைன் ஃபங்ஷன்களின் வரி எண்களைக் காப்பாற்ற இதே எஸ்மேப்பைத்தான் பயன்படுத்துகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் இது. எஸ்மேப் கிளாஸுக்குள் இருந்தாலும் ஸ்டாக் ட்ரேஸ் மாறாது. ஜேவிஎம் அந்தப் பண்பைச் சும்மா சுமந்துகொண்டு போகும், அவ்வளவுதான். அதைப் படிப்பவை டீபக்கர்கள். ஜாவா 1.4இல் டீபக் இடைமுகத்துக்கு இந்த வசதி வந்தது. ஐடிஇயில் ஜேஎஸ்பி கோப்பிலேயே பிரேக்பாயின்ட் வைக்க முடிவது இதனால்தான். லாக்கில் டெம்ப்ளேட் வரி வேண்டுமென்றால், எஸ்மேப்பைப் படித்து மொழிபெயர்க்கும் வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

ப்ரீகம்பைல் செய்யாதபோது அந்த வேலையைச் செய்வது ஜாஸ்பர். கோரிக்கை ஜாஸ்பரின் சர்வ்லெட் வழியாக உள்ளே போகிறது. பிழை வந்தால் அது ஸ்டாக் ட்ரேஸில் நம் பக்கத்தின் கிளாஸைத் தேடிக் கண்டுபிடித்து, இந்த ஜேஎஸ்பியின் இந்த வரியில் பிழை என்று சொல்லி, சுற்றியுள்ள சில வரிகளையும் காட்டும். ப்ரீகம்பைல் செய்து, பக்கங்களை வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் தனித்தனி சர்வ்லெட்டுகளாகப் பதிவு செய்துவிட்டால், கோரிக்கை நேரே அந்தக் கிளாஸுக்குப் போய்விடும். நடுவில் ஜாஸ்பரின் சர்வ்லெட் இல்லை. மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. முதல் பார்வையாளரைக் கம்பைலுக்காகக் காக்க வைக்கக் கூடாது, டெம்ப்ளேட் பிழைகள் பில்டிலேயே தெரிய வேண்டும் என்றெல்லாம் நல்ல காரணங்களுக்காகத்தான் ப்ரீகம்பைல் செய்கிறோம். அதோடு இந்த உதவி கழன்றுபோவதை யாரும் கவனிப்பதில்லை.

முதலில் பில்டைச் சரிசெய்யுங்கள்

டோம்கேட்டில் ப்ரீகம்பைல் செய்யும் கருவியின் பெயர் ஜேஎஸ்பிசி. கட்டளையாகவும் ஓட்டலாம், ஆன்ட் என்ற பில்ட் கருவியின் டாஸ்க்காகவும் ஓட்டலாம். -வெப்ஆப் என்ற விருப்பத்துக்குப் பின் பயன்பாட்டின் கோப்புறை, -டி என்பதற்குப் பின் வெளியீடு போக வேண்டிய இடம். இந்த அளவு எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது மற்ற மூன்று.

முதலாவது -எஸ்மேப். சர்வருக்குள் ஓடும் ஜாஸ்பர் எஸ்மேப்பைத் தானாகவே உருவாக்கும். ஜேஎஸ்பிசி அப்படி இல்லை. கேட்டால்தான் தரும். ஒரே எஞ்சினுக்கு இரண்டு இடத்தில் இரண்டு இயல்புநிலைகள் இருப்பதால், டெவலப்மென்ட் கணினியில் நன்றாக வேலை செய்த டீபக்கர் ப்ரீகம்பைல் செய்த பொதியில் மட்டும் கண் தெரியாமல் போகும்.

இரண்டாவது -டம்ப்எஸ்மேப். இது அதே எஸ்மேப்பைத் தனிக் கோப்பாகவும் எழுதி வைக்கும். இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் பயனில்லை, -எஸ்மேப்போடு சேர்த்தே கொடுங்கள். ஆன்ட் டாஸ்க்கில் இதற்கு நேரான பண்புகள் எஸ்மேப்சப்ரஸ்டு, எஸ்மேப்டம்ப்டு. முதலாவதை ஃபால்ஸ் என்றும் இரண்டாவதை ட்ரூ என்றும் வையுங்கள்.

மூன்றாவது -கம்பைல். பெரிய பொறி இருப்பது இங்கேதான். டோம்கேட் ஆவணத்தில் இருக்கும் ஆன்ட் மாதிரி இரண்டு படிகளாக இருக்கும்: ஜாஸ்பர் டாஸ்க் ஜாவா கோப்புகளை எழுதும், பிறகு தனியாக ஜாவாசி (ஜாவாவின் வழக்கமான கம்பைலர்) டாஸ்க் அவற்றைக் கம்பைல் செய்யும். பலருடைய பில்டும் அதைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் எஸ்மேப்பைக் கிளாஸ் கோப்புக்குள் செருகுவது ஜாஸ்பரின் வேலை. அது தானே கம்பைல் செய்து முடித்த கையோடு கிளாஸ் கோப்பைத் திறந்து பண்பைச் சேர்த்து மறுபடி எழுதுகிறது. கம்பைலை ஜாவாசியிடம் கொடுத்துவிட்டால் அந்தச் செருகும் படியே நடக்காது. -எஸ்மேப் கொடுத்திருந்தாலும் கிளாஸுக்குள் ஒன்றும் இருக்காது, எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, -கம்பைல் கொடுத்து ஜாஸ்பரையே கம்பைல் செய்ய விடுவது. அது இயல்பாக எக்லிப்ஸின் ஜேடிடி கம்பைலரைப் பயன்படுத்தும். இரண்டு, ஜாவாசி படியை அப்படியே வைத்துக்கொண்டு, -டம்ப்எஸ்மேப் எழுதிய தனிக் கோப்புகளைப் பத்திரப்படுத்துவது. டீபக்கர் வேலை செய்ய வேண்டுமென்றால் முதல் வழிதான். லாக் மட்டும் சரியானால் போதும் என்றால் இரண்டாவதும் போதும். நான் முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன்: கிளாஸும் அதன் எஸ்மேப்பும் ஒரே கோப்பில் இருந்தால் பிரிந்துபோக வாய்ப்பே இல்லை.

ஜாவாசி படியை வைத்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வரி எண்களை எழுதும் டீபக் விருப்பம் அணைக்கப்பட்டிருந்தால் லைன்நம்பர்டேபிள் இருக்காது. ஸ்டாக் ட்ரேஸில் வரி எண்ணே வராது. அதற்குப் பிறகு எஸ்மேப் இருந்தும் பயனில்லை.

கிளாஸுக்குள் எட்டிப் பாருங்கள்

பில்ட் முடிந்ததும் ஏதாவது ஒரு பக்கத்தின் கிளாஸை எடுத்து, கிளாஸ் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஜாவாபி கட்டளையை -வி விருப்பத்தோடு ஓட்டுங்கள். நீளமாக வரும். அதில் சோர்ஸ்டீபக்எக்ஸ்டென்ஷன் என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கீழே எஸ்மேப் என்று தொடங்கும் உரை இருக்க வேண்டும். அப்புறம் பக்கத்தை எழுதும் சர்வீஸ் மெத்தடின் கீழே லைன்நம்பர்டேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மேலே போகலாம்.

கிளாஸின் பெயரைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. கோப்புப் பெயரில் உள்ள புள்ளி அடிக்கோடாக மாறும். இடைக்கோடு போல ஜாவா பெயரில் வரக்கூடாத எழுத்து இருந்தால், ஓர் அடிக்கோடும் அந்த எழுத்தின் யூனிகோடு எண் நான்கு இலக்கத்திலும் அங்கே நுழையும். அடிக்கோட்டுக்கும் இதே கதிதான், ஏனென்றால் புள்ளியும் அடிக்கோடும் ஒன்றாகிக் குழம்பக் கூடாது. ஜாவா பேக்கேஜின் பெயர் நீங்கள் மாற்றாத வரை ஆர்க்.அப்பாச்சி.ஜேஎஸ்பி என்று தொடங்கும்.

எஸ்மேப்பைக் கையால் படிப்பது

கருவி எழுதுவதற்கு முன் ஒரு முறையாவது இதைக் கையால் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு எந்த எண்ணும் மிரட்டாது.

பட்டியல்.ஜேஎஸ்பி என்று ஒரு சிறு பக்கம். ஏழே வரிகள். 1ஆம் வரியில் பக்கக் கட்டளை. 2ஆம் வரியில் தலை.ஜேஎஸ்பி என்ற கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் கட்டளை. 3ஆம் வரி டேபிள் டேகைத் திறக்கிறது. 4ஆம் வரி ஒரு ஸ்கிரிப்ட்லெட் (பக்கத்துக்குள் எழுதிய ஜாவா துண்டு), ஃபார் சுழற்சி தொடங்குகிறது. 5ஆம் வரியில் ஒரு டேபிள் வரிசை, அதன் நடுவே பெயரை அச்சிடும் எக்ஸ்பிரஷன். 6ஆம் வரியில் சுழற்சியை மூடும் ஸ்கிரிப்ட்லெட். 7ஆம் வரியில் டேபிள் முடிகிறது. தலை.ஜேஎஸ்பியில் மூன்று வரி எச்டிஎம்எல்.

எச்டிஎம்எல் ஒவ்வொரு வரிக்கும் தனி ரைட் அழைப்பு எழுதச் சொல்லியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சர்வ்லெட்டின் ஆரம்பச் சடங்குகளெல்லாம் முடிந்து நம் உள்ளடக்கம் 118ஆம் ஜாவா வரியில் தொடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பதிப்பில் எண்கள் வேறாக இருக்கும், வடிவம் இதுதான்:

எஸ்மேப்
பட்டியல்_ஜேஎஸ்பி.ஜாவா
ஜேஎஸ்பி
*எஸ் ஜேஎஸ்பி
*எஃப்
+ 0 பட்டியல்.ஜேஎஸ்பி
பட்டியல்.ஜேஎஸ்பி
+ 1 தலை.ஜேஎஸ்பி
தலை.ஜேஎஸ்பி
*எல்
1#0:118
1#1,3:119
2#0,2:122
4:124,2
5:126,3
6:129,2
7:131
*இ

முதல் மூன்று வரிகள் தலைப்பு: இது எஸ்மேப், உருவான கோப்பின் பெயர் இது, இயல்பான அடுக்கு (வரி எண்கள் எந்த மொழிக்கு உரியவை என்பது) ஜேஎஸ்பி. எஸ் பகுதி அடுக்கின் பெயரைச் சொல்கிறது. எஃப் பகுதி கோப்புகளின் பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண், ஒரு பெயர். முன்னால் கூட்டல் குறி இருந்தால் அடுத்த வரியில் பாதையும் வரும். எல் பகுதிதான் உயிர். இ என்றால் முடிந்தது.

எல் பகுதியின் ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் டெம்ப்ளேட், வலப்பக்கம் ஜாவா. இடப்பக்கத்தில் முதல் எண் தொடக்க வரி, # குறிக்குப் பின் கோப்பு எண், காற்புள்ளிக்குப் பின் எத்தனை டெம்ப்ளேட் வரிகளுக்கு இது பொருந்தும் என்ற எண்ணிக்கை. வலப்பக்கத்தில் முதல் எண் ஜாவா தொடக்க வரி, காற்புள்ளிக்குப் பின் ஒரு டெம்ப்ளேட் வரிக்கு எத்தனை ஜாவா வரிகள் என்ற எண். எண்ணிக்கைகள் இல்லையென்றால் 1 என்று கொள்ள வேண்டும். கோப்பு எண் இல்லையென்றால் கடைசியாகச் சொன்ன எண்ணே தொடரும். எதுவுமே சொல்லப்படவில்லை என்றால் 0.

இப்போது ஸ்டாக் ட்ரேஸ் 127 என்கிறது. எந்தப் பதிவின் வீச்சில் 127 விழுகிறது? 5:126,3 என்ற பதிவு 126 முதல் 128 வரை பிடிக்கிறது. 127இலிருந்து 126ஐக் கழித்தால் 1. அதை 3ஆல் வகுத்து மீதியை விட்டால் 0. தொடக்க வரி 5, கூட்டல் 0. பட்டியல்.ஜேஎஸ்பியின் 5ஆம் வரி. அந்த ஒரு வரிக்கு மூன்று ஜாவா வரிகள் ஏன் என்றால், எக்ஸ்பிரஷனுக்கு முன்னால் உள்ள எச்டிஎம்எல்லுக்கு ஒன்று, எக்ஸ்பிரஷனுக்கு ஒன்று, பின்னால் உள்ளதற்கு ஒன்று. 127 நடுவில் இருப்பது. ஆகவே பெயரை அச்சிடும் இடம்தான் உடைந்தது என்பதுவரை சொல்லிவிடலாம்.

அடுத்து 120 என்று வந்தால்? 1#1,3:119 என்ற பதிவு 119 முதல் 121 வரை. கழித்தால் 1, 1ஆல் வகுத்தாலும் 1. தொடக்க வரி 1, கூட்டல் 1, ஆக 2ஆம் வரி. ஆனால் கோப்பு எண் 1. இது தலை.ஜேஎஸ்பியின் 2ஆம் வரி. கோப்பு எண்ணைக் கவனிக்காதவர் பட்டியல்.ஜேஎஸ்பியின் 2ஆம் வரியைத் திறந்து, அங்கே இன்க்ளூட் கட்டளையைப் பார்த்து, இதில் என்ன பிழை வர முடியும் என்று திகைத்து நிற்பார். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் தேடிய பிழையும் இதே வகைதான்.

2#0,2:122 என்ற பதிவில் கோப்பு எண் 0 என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே தலை.ஜேஎஸ்பிக்குப் போய்விடும். நீங்கள் எழுதும் கருவியில் இந்தத் தொடர் எண்ணை நினைவில் வைக்காமல், எண் இல்லாதபோதெல்லாம் 0 என்று எடுத்துக்கொண்டால் சிறு பக்கங்களில் தப்பிக்கும், இன்க்ளூட் நிறைந்த பெரிய பக்கங்களில் பொய் சொல்லும்.

லாக்கில் மொழிபெயர்ப்பது

கருவி சின்னதுதான். இருநூறு வரி ஜாவாவுக்குள் முடியும். செய்ய வேண்டியது இவ்வளவு. எக்ஸெப்ஷனின் ஸ்டாக் ட்ரேஸில் ஒவ்வொரு சட்டத்தையும் (ஒரு மெத்தட் அழைப்பைக் குறிக்கும் வரி) பார்த்து, கிளாஸ் பெயர் உங்கள் ஜேஎஸ்பி பேக்கேஜின் பெயரில் தொடங்குகிறதா என்று சோதியுங்கள். தொடங்கினால் அந்தக் கிளாஸின் பைட்டுகளை அதன் கிளாஸ்லோடர் வழியாகவே ரிசோர்ஸாக வாங்குங்கள். கிளாஸ் கோப்புகளைப் படிக்கும் ஏஎஸ்எம் நூலகத்தில் கிளாஸ்விசிட்டரின் விசிட்சோர்ஸ் மெத்தடுக்கு இரண்டு மதிப்புகள் வரும். முதலாவது கோப்புப் பெயர், இரண்டாவது நாம் தேடும் எஸ்மேப் உரை. அதை எடுத்துப் பிரித்து, கிளாஸ் பெயரைச் சாவியாக வைத்து ஒரு மேப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு முறை பிரித்தால் போதும்.

வேகமாகப் படிக்கட்டும் என்று ஏஎஸ்எம்முக்கு ஸ்கிப்டீபக் கொடியைக் கொடுத்துவிடாதீர்கள். அது டீபக் தகவல் எல்லாவற்றையும் தாண்டிவிடும், எஸ்மேப்பும் அதில் அடக்கம். விசிட்சோர்ஸ் அழைக்கப்படவே செய்யாது, நீங்கள் பில்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். மெத்தடுகளின் உள்ளடக்கம் வேண்டாம் என்றால் ஸ்கிப்கோட் கொடி போதும்.

ஒரு எக்ஸெப்ஷனின் ஸ்டாக் ட்ரேஸோடு நிறுத்தாதீர்கள். ஜேஎஸ்பி எக்ஸெப்ஷன்கள் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். காரணச் சங்கிலி முழுவதையும் இறங்கிப் பாருங்கள், அடக்கப்பட்ட எக்ஸெப்ஷன்களையும் விடாதீர்கள்.

மொழிபெயர்த்ததை எங்கே எழுதுவது? செட்ஸ்டாக்ட்ரேஸ் மெத்தடால் மூல ஸ்டாக் ட்ரேஸையே மாற்றி எழுதலாம். பார்க்க அழகாக இருக்கும். நான் அதைச் செய்ய மாட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு தவறு இருந்தால் உண்மையான எண் எங்கேயுமே இருக்காது. அசல் ஸ்டாக் ட்ரேஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒரு வரி சேருங்கள்: டெம்ப்ளேட் தலை.ஜேஎஸ்பி, வரி 2, ஜாவா வரி 120. இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அட்டவணை சரியா என்று எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். இதைச் செய்ய ஒரு சர்வ்லெட் ஃபில்டர் போதும். எக்ஸெப்ஷனைப் பிடித்து, எழுதிவிட்டு, அப்படியே மேலே எறிந்துவிடுங்கள்.

எண் வழுக்கும் இடங்கள்

அட்டவணை இருந்தும் எண் தவறாகத் தோன்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. பலவற்றில் அட்டவணை சரியாகவே இருக்கும், நம் எதிர்பார்ப்புதான் வேறு.

கஸ்டம் டேக் ஒன்றின் பண்புகளை ஐந்தாறு வரிகளில் பரப்பி எழுதியிருப்போம். நான்காவது பண்பின் ஈஎல் (எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ்) கோவையில் பிழை வந்தாலும் அட்டவணை டேக் தொடங்கும் வரியைத்தான் காட்டும். டேகை ஜாஸ்பர் ஒரே அலகாகப் பார்க்கிறது. ஸ்கிரிப்ட்லெட் அப்படியில்லை. அதன் உரை சர்வ்லெட்டுக்குள் வரிக்கு வரி அப்படியே போவதால், பத்து வரி ஸ்கிரிப்ட்லெட்டில் ஏழாவது வரி உடைந்தால் ஏழாவது வரியையே காட்டும். ஸ்கிரிப்ட்லெட் எழுதச் சொல்லி ஊக்குவிக்கவில்லை. பழைய பக்கங்களில் அவை நிறைய இருக்கும், அங்கே இந்த எண்ணை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட்லெட் இல்லாத கஸ்டம் டேகுகளை ஜாஸ்பர் தனித்தனி மெத்தடுகளாக்கி, சர்வீஸ் மெத்தடுக்குக் கீழே எழுதுகிறது. அதனால் டெம்ப்ளேட்டில் 20ஆம் வரி ஜாவாவில் 400ஆம் வரியாகவும், 60ஆம் வரி ஜாவாவில் 180ஆம் வரியாகவும் இருக்கலாம். டெம்ப்ளேட் வரி ஏற ஏற ஜாவா வரியும் ஏறும் என்று நம்பி இருமத் தேடல் எழுதினால் அது உடையும். தேட வேண்டுமானால் பதிவுகளை ஜாவா வரியின்படி முதலில் அடுக்கிக்கொள்ளுங்கள். டேகின் உடற்பகுதியைத் துண்டாக எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்போது ஹெல்பர் என்ற உள்கிளாஸும் உருவாகும். அதுவும் தனிக் கிளாஸ் கோப்பு. கிளாஸ் பெயரை டாலர் குறியில் வெட்டிவிட்டுத் தாய்க் கிளாஸை மட்டும் தேடும் கருவி இங்கே தடுமாறும், வெட்டாமல் முழுப் பெயரிலேயே தேடுங்கள். டேக் கோப்புகள் வேறு கதை. அவை தமக்கென்று கிளாஸ் உள்ள தனிப் பக்கங்கள், தனி எஸ்மேப்போடு வரும்.

இன்க்ளூடில் இரண்டு வகை இருப்பது தெரியும். கட்டளையாக எழுதும் இன்க்ளூட் மொழிபெயர்ப்பின்போதே உள்ளே கலந்துவிடும், எஃப் பகுதியில் பெயர் வரும். ஆக்‌ஷன் டேகாக எழுதுவது ஓடும்போது வேறு சர்வ்லெட்டை அழைக்கும், ஸ்டாக் ட்ரேஸில் தனிச் சட்டமாக வரும். நாம் எழுதாமலே நுழையும் மூன்றாவது ஒன்றும் உண்டு. வெப்.எக்ஸ்எம்எல்லின் ஜேஎஸ்பி ப்ராப்பர்ட்டி குரூப்பில் ப்ரெலூட், கோடா என்று கொடுக்கும் கோப்புகள் எல்லாப் பக்கங்களின் தலையிலும் வாலிலும் தானாகச் சேரும். பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அவற்றின் தடயமே இருக்காது. எஃப் பகுதியில் எதிர்பாராத பெயர் ஒன்று இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கடைசியாக, எச்டிஎம்எல்லைச் சுருக்கும் கருவிகள். ஜேஎஸ்பிசிக்கு முன்பே யாராவது டெம்ப்ளேட்டிலிருந்து வெற்று வரிகளையும் குறிப்புகளையும் நீக்கினால், எஸ்மேப் காட்டுவது சுருக்கிய கோப்பின் வரியை. உங்கள் கிட் களஞ்சியத்தில் இருப்பது சுருக்காத கோப்பு. இதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. சுருக்கும் படியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வெற்றிடம்தான் கவலை என்றால் ஜாஸ்பரின் ட்ரிம்ஸ்பேசஸ் விருப்பம் இருக்கிறது (இதில் மட்டும் ஸ்பேசஸின் முதல் எழுத்து பெரிய எழுத்து). அது ஜாஸ்பர் அசல் கோப்பைப் படித்த பிறகு வேலை செய்வதால் வரி எண்கள் கெடாது.

வரிக்கு ஒரு ரைட், அதற்குக் கொடுக்கும் விலை

மேலே எடுத்துக்காட்டில் எச்டிஎம்எல் ஒவ்வொரு வரிக்கும் தனி ரைட் அழைப்பு என்று வைத்துக்கொண்டோம். சர்வரில் இதை முடிவு செய்வது மேப்டுஃபைல் என்ற அமைப்பு, இயல்பாக ட்ரூ. ஜேஎஸ்பிசியில் -மேப்டு கொடுத்தால்தான் கிடைக்கும். டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நடந்து பார்க்க இது வசதி.

ஆனால் ஜாவாவில் ஒரு மெத்தடின் பைட்கோடு 65,535 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஜேஎஸ்பியின் பெரும்பகுதி ஒரே சர்வீஸ் மெத்தடுக்குள் போகிறது. பல ஆயிரம் வரி எச்டிஎம்எல் உள்ள பழைய பக்கத்துக்கு அத்தனை ஆயிரம் ரைட் அழைப்புகள் என்றால் எல்லை நெருங்கிவிடும், கம்பைலர் கோடு பெரிதாகிவிட்டது என்று நின்றுவிடும். அப்படி நின்றால் தயங்காமல் -மேப்டு விருப்பத்தை எடுத்துவிடுங்கள். பக்கத்து வரிகள் சேர்ந்து ஒரே ரைட்டாகும். நிலையான எச்டிஎம்எல்லை எழுதும் இடத்தில் எக்ஸெப்ஷன் வருவது அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் உலாவி இணைப்பைத் துண்டித்ததால்தான் இருக்கும். நமக்கு வேண்டியது எக்ஸ்பிரஷன்களும் டேகுகளும் ஸ்கிரிப்ட்லெட்களும். அவற்றின் வரிகள் -மேப்டு இல்லாவிட்டாலும் எஸ்மேப்பில் இருக்கும். ப்ரொடக்‌ஷன் பொதிக்கு நான் -மேப்டு கொடுப்பதில்லை.

பொதியோடு சேர்த்துப் பூட்டுங்கள்

ஜேஎஸ்பிசி எழுதிய ஜாவா கோப்புகளைப் பில்ட் முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம். அழிக்காதீர்கள். சர்வருக்கு அனுப்ப வேண்டியதில்லை. அந்த பில்டின் எண்ணோடு ஒரு ஜிப்பாகக் கட்டி, பொதி இருக்கும் அதே களஞ்சியத்தில் வையுங்கள். தனி எஸ்மேப் கோப்புகளையும் அதிலேயே போடுங்கள். பிறகு தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் என்னை அன்றைக்கு அந்த அடைப்புக்குறியின் முன் நிறுத்தியது. ஜாஸ்பர் பதிப்பு மாறினால் போதும், ஒரு விருப்பம் மாறினால் போதும், எண்கள் நகர்ந்துவிடும். பில்டில் ஜாஸ்பரின் பதிப்பைத் துல்லியமாக எழுதிப் பூட்டுவதும் இதில் சேர்ந்தது.

அப்புறம் ஒரு சோதனை. வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் எறியும் ஒரு பக்கத்தைச் சோதனைக் கோப்புறையில் வையுங்கள். அதில் ஒரு கோப்பை இன்க்ளூட் செய்து, எறிவதை அந்தக் கோப்பின் 4ஆம் வரியில் வையுங்கள். ஒவ்வொரு பில்டிலும் அதை ப்ரீகம்பைல் செய்து, ஓட்டி, லாக்கில் அந்தக் கோப்பின் பெயரும் 4 என்ற எண்ணும் வருகின்றனவா என்று பாருங்கள். -எஸ்மேப்பை யாரோ எடுத்துவிட்டது, கம்பைலை ஜாவாசிக்கு மாற்றியது, டீபக் தகவலை உரித்துப்போடும் கருவி ஒன்று நடுவில் நுழைந்தது, கோப்பு எண்ணைக் கருவி தவறவிட்டது எல்லாமே இந்த ஒரு சோதனையில் பிடிபடும்.

சொந்தமாக டெம்ப்ளேட் எஞ்சின் எழுதுபவர்களுக்கு

ஜேஎஸ்பி இல்லை, சொந்த டெம்ப்ளேட் மொழியிலிருந்து ஜாவா எழுதும் கருவி ஒன்று வைத்திருக்கிறீர்கள் என்றால், ஜாஸ்பரிடமிருந்து ஒரு பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதன் வெளியீட்டு எழுத்தர் தான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணியை ஏற்றிக்கொண்டே போகிறது. டெம்ப்ளேட் மரத்தின் ஒவ்வொரு கணுவும் தன் ஜாவா எழுதப்படுவதற்கு முன் அந்த எண்ணைத் தொடக்கமாகவும், எழுதி முடித்ததும் முடிவாகவும் குறித்துக்கொள்கிறது. டெம்ப்ளேட் வரி அந்தக் கணுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் முடிந்த பின் மரத்தை ஒரு முறை நடந்தால் அட்டவணை தயார், அடுத்தடுத்து வரும் பதிவுகளைக் கடைசியில் ஒன்றாக்கிச் சுருக்கிக்கொள்ளலாம். உருவான கோப்பைப் பிறகு படித்து ஒப்பிட்டு வரி கண்டுபிடிக்கும் முயற்சி வேண்டாம், ஒரே மாதிரி இரண்டு வரிகள் வந்ததும் அது குழம்பிவிடும். துணை மெத்தடுகளைத் தனி இடையகத்தில் எழுதிப் பிறகு கோப்பின் கீழே ஒட்டுகிறீர்கள் என்றால், ஒட்டும் நேரத்தில் அந்த இடையகத்துக்குள் எழுதிய கணுக்களின் எண்களை எல்லாம் ஒட்டும் இடத்தின் வரி அளவுக்குத் தள்ளிவிட வேண்டும். ஜாஸ்பரும் அதைத்தான் செய்கிறது. பல வரிகள் கொண்ட உரையை ஒரே அழைப்பில் அச்சிடும் இடங்களில் உள்ளே இருக்கும் வரி முறிவுகளையும் எண்ண மறக்காதீர்கள். என் அனுபவத்தில் எண் ஒன்றிரண்டு நகர்ந்து தெரிந்தபோதெல்லாம் காரணம் அங்கேதான் இருந்தது.

சி ஷார்ப்பில் ரேஸர் பக்கங்களுக்கு இவ்வளவு சுற்று இல்லை. உருவான கோப்புக்குள்ளேயே #லைன் என்ற கட்டளையை எழுதி, இதற்கடுத்த வரி இந்த டெம்ப்ளேட்டின் இந்த வரி என்று கம்பைலரிடமே சொல்லிவிடலாம். சி மொழியிலிருந்து வந்த பழைய உத்தி அது. சி ஷார்ப் 10இலிருந்து வரியோடு நெடுவரிசை வீச்சையும் சொல்லலாம். ஜாவா மொழியில் அப்படியொரு கட்டளை கிடையாது, அதனால்தான் கிளாஸ் கோப்பைத் திறந்து செருக வேண்டியிருக்கிறது. எஸ்மேப்பில் நெடுவரிசைக்கு இடமும் இல்லை. ஒரே டெம்ப்ளேட் வரியில் மூன்று எக்ஸ்பிரஷன்களை எழுதினால் எது உடைந்தது என்று அட்டவணை சொல்லாது. ஜாவா வரியையும் லாக்கில் வைத்திருந்தால், 127 நடுவில் இருப்பதைக் கண்டதுபோல, அந்தச் சர்வ்லெட்டைத் திறந்து பார்த்துச் சொல்லலாம். அதற்குத்தான் ஜிப்பில் கட்டி வைத்த ஜாவா கோப்புகள்.